எட்டுப் பேருக்கான தக்காளிக் குழம்பு

2006 பிப்ரவரியில் நான் ஷார்ஜாவுக்குப் போனது ஒரு குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்க. மற்றவர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், தங்கம் வாங்கப் போகிறார்கள், உயரமான கட்டடங்களுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், "என்ன விஷயமா போறீங்க?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் மீதிப் பயணம் முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

காரணம் என் அக்கா மகள் கலைச்செல்வி. திருச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வந்த வரன்களை எல்லாம் என்னால் மாதம், வருஷத்தோடு சொல்ல முடியும். 2003 ஆவணியில் ஒருவர், 2004 தையில் ஒருவர், அதே வருஷம் ஐப்பசியில் இரண்டு பேர். எல்லோரும் பஜ்ஜியைத் தின்று முடித்துக் கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான்: "பொண்ணு நல்லாச் சமைக்குமா?" கலையின் பதிலும் ஒன்றேதான்: "வராது. உங்களுக்கு வருமா?" காபி ஆறுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

ஐந்தாவதாக வந்த முருகானந்தம்தான் வித்தியாசமாகப் பதில் சொன்னார். பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். ஷார்ஜாவில் ஓர் அலுமினியக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போனில் கலை கேட்டதும், "வருங்க. தக்காளிக் குழம்பு நான் வச்சா ரூமே சாப்பிடும்" என்றாராம். கலைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆனாலும் என்னைக் கூப்பிட்டு, "வாயால வடை சுடறவங்க நிறையப் பேரு மாமா. நீ போய்ச் சாப்பிட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா சரி" என்றாள். தாய்மாமனுக்கு எத்தனையோ கடமைகள் உண்டு என்று படித்திருக்கிறேன். மாப்பிள்ளையின் குழம்பைப் பரிசோதிப்பது அதில் புதிய சேர்க்கை.

மாப்பிள்ளை பக்கமும் அவசரம் இருந்தது. அவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. 2004 லீவில் ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் முறிந்தது. இந்த ஏப்ரலில் லீவு. இதுவும் இல்லையென்றால் அடுத்தது 2008. ஏற்கெனவே முப்பத்திரண்டு. ஆக, ஒரு மனிதரின் இரண்டு வருஷம் என் நாக்கில் இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பில் பாதி வெந்துபோன நாக்கு அது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை துபாயில் இறங்கினேன். தங்கியது சத்வாவில், சித்தப்பா மகள் கோமதி வீட்டில். தையல் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடி. தஞ்சாவூரில் இருந்தவரை மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்த கோமதி, துபாய்க்குக் குடிவந்த பிறகு பாரம்பரியத்துக்கு மாறிவிட்டாள். குளிர்சாதனம் ஓடும் சமையலறையில் அம்மி, கல்சட்டி, மரக்கரண்டி. எல்லாம் விமானத்தில் கூடுதல் சுமைக்குக் கட்டணம் கட்டி வந்தவை. அவள் கணவர் பாஸ்கரன் ஒருமுறை அம்மிக் குழவியைக் கைப்பையில் வைத்து எடுத்துவந்து, அது என்ன ஆயுதம் என்று விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் இரண்டும் மட்டும் அந்தக் கல்சட்டிக் குழம்பைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பீட்சா தின்றார்கள்.

மதியம் "பாரம்பரியத் தக்காளி ரசம்" என்று சொல்லி ஊற்றினாள். எனக்குப் பொறுக்கவில்லை. தக்காளி கடல் கடந்து வந்தது, நம் வீடுகளில் அது நுழைந்து சில தலைமுறைதான் ஆகிறது, புளியும் மிளகும்தான் ரசத்துக்கு மூத்தவை என்று விளக்கினேன். இதை நான் எல்லா வீட்டு ரசத்தின் முன்னாலும் சொல்வது வழக்கம். எந்த வீட்டிலும் இரண்டாம் முறை ரசம் கேட்கும் நிலை எனக்கு வந்ததில்லை.

"அதனால என்னண்ணே? கல்சட்டியில வச்சா பாரம்பரியம்தான்" என்றாள் கோமதி.

நூறு புத்தகம் படித்தவன் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை ஷார்ஜாவில் உள்ள ரோலாவுக்குப் பஸ் ஏறினேன். துபாயிலிருந்து ஷார்ஜாவுக்குச் சாலை இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கை. பார்த்தவரை அது கார்களை நிறுத்திவைக்கும் நீளமான இடம். நம் ஊரில் நெரிசல் என்றால் ஹாரன், வசவு, வேர்க்கடலை விற்பவர் என்று ஒரு வாழ்க்கை இருக்கும். இங்கே குளிர்சாதனத்தில் மௌனமாக நிற்கிறோம். பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள். எழுந்து பார்த்தபோது அதே விளம்பரப் பலகைதான் நின்றது.

முருகானந்தத்தின் அறை ரோலாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். எட்டுப் பேர், நான்கு இரட்டைக் கட்டில், ஒரு பிரிட்ஜ். அன்று சமையல் முறை அவருடையது இல்லையாம். எனக்காகக் கேட்டு வாங்கியிருந்தார். நான் போனதும் என்னை ஒரே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் கட்டில்களில் மேலும் கீழுமாக வரிசைகட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். சமையலறையிலிருந்து முருகானந்தம், சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல், தட்டில் குழம்பும் சோறும் ஏந்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வந்தார். பாடச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

"கூச்சப்படாம கேளுங்க சார், பையன் பதில் சொல்வான்" என்றார் காதர் பாய். இராமநாதபுரத்துக்காரர், அறைக்கு மூத்தவர்; குழம்பை அவர் வீட்டில் ஆணம் என்பார்கள். "இவன் வைக்கிற ஆணத்தைத் தின்னுட்டு நாங்க இத்தனை வருசம் உசுரோட இருக்கோம். இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

"ஐயா, நான் நடந்ததைச் சொல்லுறன்" என்றார் தவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். "குழம்பு பரவாயில்லை. ஆனா தக்காளிப்பழத்துக்கு எண்டு பிறந்தது சொதி. தேங்காய்ப்பால் விட்டு வைக்கோணும். இவையளுக்கு எத்தினை தரம் சொல்லியும் விளங்கேல்லை."

"சொதியா? அது காய்ச்சக்காரனுக்கு ஊத்துறதுல்ல!" என்றார் காதர் பாய். "எங்க வீட்டுக் கல்யாணத்துல தக்காளியில சீனி போட்டு இனிப்புப் பச்சடி வைப்பாங்க பாருங்க, நெய்ச்சோத்துக்கு..."

"சீனியோ? பாயாசத்துக்குள்ளயும் நாலு தக்காளிப்பழத்தைப் போடுங்கோவன் பாய்!"

இந்தச் சண்டை நடக்கும்போது முருகானந்தம் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு நன்றாக இருந்தது. சோம்பு வாசனை தூக்கலாக, எண்ணெய் மேலே மிதந்து, புளிப்பு சரியாக. ஜோர்டான் தக்காளி, ஓமான் தக்காளி என்று கடையில் எல்லா நாட்டுத் தக்காளியும் கொட்டிக் கிடந்தாலும் நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பு எதிலும் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இந்தக் குழம்பில் அந்தக் குறை தெரியவில்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் என்பது ஓர் உறுப்பு மாதிரி. நான் வருவதற்குமுன் யார் யார் சமையலறைக்குள் போனார்கள் என்று விசாரித்தேன். காதர் பாய் "சும்மா ஒரு கிண்டு" கிண்டினாராம். தவராசா "கொஞ்சம்போல" புளி விட்டாராம். அப்படியானால் இது யார் குழம்பு?

வியாழக்கிழமை முழுவதும் ரோலாவைச் சுற்றியுள்ள நம் ஊர் ஹோட்டல்களிலும் மெஸ்களிலும் தக்காளி போட்ட எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கடையில் வாங்கி என் தட்டில் ஊற்றியிருந்தால் கண்டுபிடிக்க வேண்டாமா? ஒரு மெஸ்ஸில் சாம்பாரும் தக்காளிக் குழம்பும் ஒரே வாளியிலிருந்து வந்தன. இன்னொன்றில் ரசத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இது டப்பாவில் அடைத்த விழுதா என்று கேட்டேன். "அது கலர் பொடிண்ணே, விழுதுக்கு ஏது காசு?" என்றார் பரிமாறியவர். அவருடைய நேர்மையைப் பாராட்டிவிட்டு மோருக்குத் தாவினேன். எதிலும் புதன்கிழமைக் குழம்பின் ருசி இல்லை. ஆக, கடைக் குழம்பு இல்லை என்பதுவரை உறுதி.

அக்காவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எட்டுப் பேரு சேர்ந்து வச்ச குழம்புக்கு ஒருத்தனை எப்படிடா கட்டிவைக்கிறது? தனியா வைக்கச் சொல்லு. ரெண்டு பேருக்கு வைக்கச் சொல்லு. நாளைக்குக் குடும்பம் ரெண்டு பேருதானே?" என்றாள். என் அக்காவின் நியாயத்தில் எப்போதும் ஓட்டை இருக்காது. அதனால்தான் அத்தான் அதிகம் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறை. முருகானந்தம் அதே இஸ்திரிச் சட்டையில் சத்வாவுக்கு வந்தார். கோமதி சமையலறை வாசலில் நின்று விதிகளை அறிவித்தாள். மிக்ஸி கிடையாது, அம்மிதான். குக்கர் கிடையாது, கல்சட்டிதான்.

"சரிங்கக்கா. தக்காளி எங்கேக்கா?"

"அதோ, எடுத்து வச்சிருக்கேனே."

மேடையில் நான்கு தக்காளி இருந்தது. முருகானந்தம் அதைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

"மிச்சம்?"

"மிச்சம் எதுக்கு? ரெண்டு பேருக்குத்தானே!"

லாரி ஓட்டிப் பழகியவரிடம் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளைக் கொடுத்தது போல இருந்தது அவர் முகம். எண்ணெய் டப்பாவைச் சாய்த்தார். வழக்கமான சாய்ப்பு. நான்கு தக்காளியும் நீச்சல் அடித்தன. மிளகாய்த் தூளை அள்ளினார். பாதியைத் திரும்பக் கொட்டினார். யோசித்து அதில் பாதியை மறுபடி எடுத்தார். உப்புக்கு அவருடைய அளவு ஒரு கை. இரண்டு பேருக்கு அதில் கால் பங்கு என்று கணக்கு அவருக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

நான் ருசி பார்த்தேன். சாக்கடல் என்று ஒரு கடல் இந்த வட்டாரத்தில் இருக்கிறது, மனிதர்கள் அதில் மிதப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அதைப் போய்ப் பார்க்கும் செலவு எனக்கு மிச்சமாயிற்று.

"கொஞ்சம் கரிக்குதுல்ல சார்?" என்றார்.

"கொஞ்சம்" என்றேன்.

"தக்காளி சேர்த்தா சரியாயிடும்."

கீழே உள்ள மலையாளி குரோசரிக்கு பாஸ்கரன் போன் செய்தார். தக்காளி வந்தது. போட்டதும் உப்பு சரியானது, காரம் செத்தது. மிளகாய்த் தூள் விழுந்தது. இப்போது எண்ணெய் போதவில்லை. எண்ணெய் விழுந்தது. வெங்காயம் காணவில்லை. மறுபடி போன். கல்சட்டி நிரம்பி, வெண்கலப் பானைக்கு மாறி, அதுவும் போதாமல் பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பெரிய குண்டானுக்கு மாறியது. தேங்காயும் சோம்பும் அம்மியில் மூன்றாம் ஈடு ஓடும்போது கோமதி நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து மிக்ஸியை இறக்கினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்றாள். சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

மூன்றாம் முறை குரோசரிக்காரரே தக்காளிப் பையுடன் மேலே வந்துவிட்டார். "என்ன சாரே, வீட்டில் கல்யாணமோ?" என்றார்.

"இன்னும் முடிவாகலை" என்றார் பாஸ்கரன்.

அந்தப் பையும் உள்ளே போனது. குழம்பு கொதித்து ஏறி, குண்டானின் கழுத்துக்குக் கீழே ஓர் இடத்தில் நின்றது. முருகானந்தம் கரண்டியால் கிண்டியபடி எட்டிப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. முதல்முறையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "வந்துருச்சு சார்" என்றார், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் மாதிரி.

ருசி பார்த்தேன். புதன்கிழமைக் குழம்பேதான். கிண்டல் இல்லாமல் ஒரு வரி எழுதவேண்டுமானால் இங்கே எழுதலாம்: சோறு இல்லாமல் மூன்று கரண்டி குடித்தேன்.

ஆக, யார் குழம்பு என்பதற்கு விடை கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும். இவருக்குச் சமைக்கத் தெரியும். ஆனால் எட்டுப் பேருக்குத்தான் தெரியும். குடும்பமோ இரண்டு பேர். சோதனையில் அவர் வென்றாரா தோற்றாரா? அவரே அதைச் சொன்னார். குண்டானைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேருக்குன்னுதானே சொன்னீங்க... முடியலையே சார். அவங்ககிட்ட இல்லைன்னுதான் சொல்லுவீங்க, இல்ல?" என்றார். ஏப்ரலும் 2008-ம் அந்தக் குரலில் இருந்தன. எனக்கும் தெரியவில்லை.

அப்போது அவர் போன் அடித்தது. காதர் பாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "டேய், எங்கேடா போனே? இன்னைக்கு உன் முறைடா! ஏழு பேரு தட்டைக் கழுவி வச்சுட்டு உட்கார்ந்திருக்கோம்!" அந்த அறையில் சமையல் முறைக்கு விலக்கு கிடையாது. ஊருக்கு விமானம் ஏறினால் மட்டும் உண்டு. புதன்கிழமை எனக்காகச் சமைத்தது கூடுதல் சேவை. கணக்கில் வராது.

"இதை இங்க விட்டுட்டுப் போயிடாதீங்க. குண்டான் மட்டும் எனக்குத் திரும்பி வரணும்" என்றாள் கோமதி.

குண்டானின் வாயைத் துணியால் கட்டி இறக்கினோம். வெள்ளிக்கிழமை மாலை ஷார்ஜா என்றதும் இரண்டு டாக்சிகள் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றது, குண்டானைப் பார்த்தது, போனது. பஸ்ஸுக்குப் போனோம். டிரைவர் ஒரு பட்டாணியர். துணியைத் தொட்டுப் பார்த்து, "மீனா?" என்று உருதுவில் கேட்டார்.

"தக்காளி, பாய்" என்றார் முருகானந்தம்.

"போன மாதம் ஒருவன் இப்படித்தான் சொன்னான். மீன் இருந்தது. ஒரு வாரம் என் பஸ்ஸில் பூனைகள் ஏறின."

அவிழ்த்துக் காட்டினோம். முகர்ந்து பார்த்து, சிந்தினால் துடைப்பது பெரியவர் வேலை என்று என்னைக் காட்டிச் சொல்லி ஏற்றிக்கொண்டார். குண்டான் என் மடியில். வழக்கமான இடத்தில் பஸ் நின்றது. வாசனை பரவியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விழித்தார்கள். தக்காளியை ஆட்டுக்கறியோடு இரும்புச் சட்டியில் வற்றவிடுவதைத் தவிர வேறு எதையும் சமையல் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்றார் டிரைவர். கடுகெண்ணெய், மீன், தக்காளி என்றார் ஒரு வங்காளத்துக்காரர். "பார்த்தீங்களா, மீன்!" என்று டிரைவர் என்னை முறைத்தார். தக்காளி இவர்களில் ஒருவருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் கப்பலில் வந்தது என்று சொல்ல வாய் துடித்தது. இந்தியில் எனக்கு அவ்வளவு வராது. அன்றைக்கு அந்த பஸ் தப்பித்தது. என் வெள்ளைச் சட்டை தப்பிக்கவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் சிவந்தது.

அறையில் எங்களுக்கு வரவேற்பு இல்லை. குண்டானுக்கு இருந்தது. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குப்பூஸ் ரொட்டி. எட்டுத் தட்டுகளுக்கு நடுவே எனக்கும் ஒன்று வைத்தார்கள். "என்னடா இன்னைக்கு அம்மியில அரைச்ச மாதிரி இருக்கு?" என்றார் காதர் பாய். "ரெண்டு ஈடு அம்மி, ஒரு ஈடு மிக்ஸி" என்று முருகானந்தம் சொல்லவில்லை. அவர் சாப்பிடவும் இல்லை. என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் நின்று கலைக்குப் போன் செய்தேன். பொய் சொல்லியிருக்கலாம். நல்ல காரணத்துக்கான பொய்தான். ஆனால் நான் வரன் வந்த மாதத்தைக்கூட மாற்றிச் சொல்லாதவன். உள்ளதைச் சொன்னேன். "குழம்பு பிரமாதம். ஆனா ரெண்டு பேருக்கு வைக்க வரலைம்மா. எட்டுப் பேருக்குத்தான் வருது. குறைச்சா கெட்டுப்போகுது."

கலை கேட்டாள்:

"மாமா, அந்த ரூம்ல பிரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"எட்டுப் பேரு ஒருவேளைக்குச் சாப்பிடறதை ரெண்டு பேரு நாலு வேளைக்கு வச்சுச் சாப்பிடலாம்ல? வெள்ளிக்கிழமை ஒருநாள் அடுப்பு. அடுத்த நாலு நாள் யாரும் அடுப்பங்கரைப் பக்கமே போக வேண்டாம். மிச்ச நாளுக்கு ஹோட்டல். இதை விட வேற என்ன மாமா வேணும் எனக்கு? இப்படி ஒருத்தரைத்தானே தேடிட்டு இருந்தேன்!"

நூறு புத்தகம் படித்தவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"போனை அவர்கிட்டக் குடு" என்றாள்.

கொடுத்தேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கதவிடுக்கில் ஏழு தலைகள், மேலும் கீழுமாக. "ஹலோ... ஆமாங்க... சோம்பு கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவேன்... குறைச்சுக்கட்டுமா?... வேணாமா?... சரிங்க... சரிங்க..." பிறகு சிரிப்பு மட்டும். தவராசா கதவுக்குப் பின்னாலிருந்து, "சொதியைப் பற்றியும் ஒருக்காக் கேளடா" என்று குரல் கொடுத்தார். காதர் பாய் அவர் வாயைப் பொத்தினார்.

மே மாதம் பட்டுக்கோட்டையில் கல்யாணம். பந்தியில் தக்காளி இனிப்புப் பச்சடி இருந்தது. காதர் பாயின் யோசனை என்று கேள்வி. தாய்மாமன் சீராக நான், தேடி அலைந்து, இரண்டு பேருக்கு மட்டும் அளவான ஒரு சின்னக் கல்சட்டி வாங்கி வைத்தேன். கொஞ்சம் அறிவுரை போலவும் இருக்கட்டும் என்று.

2009-ல் ஷார்ஜாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. பிரிட்ஜிலிருந்து ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இறங்கியது. வெள்ளிக்கிழமைக் குழம்பு. அப்போதும் அதே ருசி. கல்சட்டி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை மேல் இருந்தது. "ரொம்ப உபயோகமா இருக்கு மாமா" என்றாள் கலை.

உள்ளே வீட்டுச் சாவி, கொஞ்சம் சில்லறை, நான்கு ஹோட்டல்களின் போன் நம்பர் அட்டை.